சிங்கப்பூரில் உச்சி வெயில் ஒரு மணிக்கு: கைக்குழந்தையோடு புதிதாக வந்தவர்களுக்கு

சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ குழந்தையோடு சிங்கப்பூருக்கு வந்து இறங்குபவர்கள் முதல் வாரத்தில் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "நம்ம ஊர் வெயிலுக்கு இதெல்லாம் ஒரு வெயிலா?" கேட்டால் நியாயமாகத்தான் தோன்றும். இங்கே பகலில் 31, 32 டிகிரி. கொஞ்சம் கூடினால் 34. பதிவான ஆக அதிக வெப்பமே 37 டிகிரிதான். 1983இல் தெங்காவில் ஒருமுறை, 2023 மே மாதம் அங் மோ கியோவில் ஒருமுறை. வேலூர்க்காரருக்கு அது சாதாரணச் சித்திரை மாதம்.

ஆனால் தோலைச் சுடுவது வெப்பம் அல்ல, புற ஊதாக் கதிர். அது கண்ணுக்குத் தெரியாது, உடம்பிலும் உறைக்காது. ஊரில் 40 டிகிரி அடித்தால் யாரும் சொல்லாமலே வீட்டுக்குள் போய்விடுவோம். இங்கே கடல்காற்று வீசும், மேகம் மிதக்கும், 32 டிகிரியில் பூங்காவில் பாய் விரித்து உட்காரலாம் போலத்தான் இருக்கும். அப்படி உட்கார்ந்துவிடுவதுதான் வம்பு. நிலநடுக்கோட்டிலிருந்து 137 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிற தீவு இது. மார்ச்சிலும் செப்டம்பரிலும் சூரியன் மிகச் சரியாகத் தலைக்கு மேலே நிற்கும். மற்ற மாதங்களிலும் அதிகம் விலகிப் போவதில்லை. மார்கழிக் குளிர் என்று தோலுக்கு ஓய்வு தர இங்கே ஒரு பருவம் கிடையாது.

ஆகவே வெயிலை உடம்பால் அளக்காதீர்கள். கடிகாரத்தையும் ஓர் எண்ணையும் வைத்து அளந்து பழகுங்கள்.

முதலில் கடிகாரம்

உச்சி வெயில் என்றால் 12 மணி, 3 மணிக்கு மேல் தாழ்ந்துவிடும் என்பது நமக்குள் ஊறிய கணக்கு. அந்தக் கணக்கு இங்கே உதவாது. சிங்கப்பூர்க் கடிகாரம் சூரியனைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. 1982 பிறந்தபோது மலேசியாவோடு ஒத்துப்போவதற்காக நேரத்தை இன்னும் அரை மணி முன்னே தள்ளிவைத்தார்கள். அதற்கு முன்பும் அது முன்னால்தான் இருந்தது. அதனால் சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் 1 மணி வாக்கில். பிப்ரவரியில் 1.15ஐயும் தாண்டும். ஏழு மணிக்கு விடிவதும் ஏழு மணிக்கு இருட்டுவதும் இதனால்தான்.

அதாவது, இங்கே 3 மணி என்பது ஊரில் 2 மணிக்குச் சமம். "மூணு மணி ஆச்சே, கீழே விளையாடட்டும்" என்று அனுப்பினால் நல்ல வெயிலில் அனுப்புகிறோம்.

இதைவிடச் சிக்கலான நேரம் ஒன்று உண்டு. இங்குள்ள தொடக்கப்பள்ளிகள் பெரும்பாலும் பிற்பகல் 1.30 மணியை ஒட்டி விடுகின்றன. பெரியவளை அழைத்துவரச் சின்னவனைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு கிளம்புகிற பெற்றோரையும் தாத்தா பாட்டிகளையும் எல்லாப் பேட்டைகளிலும் பார்க்கலாம். நாளின் ஆக மோசமான கதிர் அப்போதுதான். கைக்குழந்தையை வீட்டில் ஒருவரிடம் விட்டுப் போக முடிந்தால் விட்டுப் போங்கள். முடியாது என்றால் பாதையை மாற்றுங்கள். புளோக்குகளின் (அடுக்குமாடிக் கட்டடங்களின்) கீழ்த்தளங்கள் வழியாகவும் கூரை போட்ட நடைபாதைகள் வழியாகவும் நடந்தால் சுற்றுவழியாக இருந்தாலும் பாதித் தூரம் நிழலிலேயே கழியும். எம்ஆர்டி ரயில் நிலையங்களைச் சுற்றி 400 மீட்டருக்குள் இருக்கும் பள்ளிகள், மருந்தகங்களுக்கெல்லாம் (இங்கே மருந்தகம் என்றால் கிளினிக்) கூரைப் பாதை போட்டிருக்கிறார்கள். புது வீட்டுக்கு வந்த வாரத்தில் பள்ளிக்கும் கடைக்கும் மருந்தகத்துக்கும் நிழல்வழி எது என்று ஒருமுறை நடந்து பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னப் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போக நல்ல நேரம் காலை 9 மணிக்கு முன்பு, மாலை 5 மணிக்குப் பின்பு. ஐந்து மணிக்குப் பின்பும் இரண்டு மணி நேர வெளிச்சம் இருப்பதால் மாலையில் அவசரமே வேண்டாம். 10 முதல் 4 வரை திறந்தவெளியைத் தவிருங்கள். இடைப்பட்ட நேரத்தில் தொப்பி, உடை, சன்ஸ்கிரீன் மூன்றும் வேண்டும். கடிகாரம் கையில் இல்லையா, பிள்ளையின் நிழலைப் பாருங்கள். நிழல் பிள்ளையின் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் கூரைக்குள் போக வேண்டிய நேரம்.

அப்புறம் அந்த எண்

தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மைஎன்வி (myENV) செயலியைக் கைப்பேசியில் இறக்கிக்கொள்ளுங்கள். இலவசம். மழை எப்போது, டெங்கி எங்கே, புகைமூட்டம் எவ்வளவு என்பதோடு புற ஊதாக் குறியீட்டையும் அதில் பார்க்கலாம். யுவி இண்டெக்ஸ் என்று இருக்கும். பகல் முழுக்க மணிக்கு ஒருமுறை மாறும்.

0 முதல் 2 வரை குறைவு. 3 முதல் 5 வரை மிதம். 6, 7 அதிகம். 8 முதல் 10 வரை மிக அதிகம். 11ம் அதற்கு மேலும் கடுமை. எண் 3ஐத் தொட்டாலே பாதுகாப்பு வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மேகமில்லாத நாளில் இங்கே நண்பகல் எண் 11ஐத் தாண்டுவது செய்தியே அல்ல. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இன்னும் கவனம் தேவை. டிசம்பர், ஜனவரி மழை ஓய்ந்து, காற்று வறண்டு, வானம் தெளிந்து கிடக்கும் காலம் அது. 

மேகத்தை நம்பாதீர்கள். மெல்லிய மேகம் என்றால் புற ஊதாக் கதிரில் 80 விழுக்காடு வரை கீழே இறங்கிவிடும். மந்தாரமாக இருந்த நாளில் பிள்ளை சிவந்து போய் வீடு திரும்பினால் அது விந்தை இல்லை; அன்றைக்குத்தான் யாரும் தொப்பி எடுத்துப் போயிருக்க மாட்டார்கள்.

ஆறு மாதம் வரை: நிழல், நிழல், நிழல்

ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு விதி எளியது. நேரடி வெயில் படக்கூடாது. தோல் மெல்லியது, நிறமி போதாது, பெரியவர்களைப் போல வியர்த்து உடம்பைக் குளிர்விக்கத் தெரியாது, வாய் திறந்து சொல்லவும் முடியாது. "நம்ம பிள்ளை கறுப்புதானே, ஒண்ணும் ஆகாது" என்பார்கள். மாநிறத் தோலும் கறுத்த தோலும் வெயிலில் சுடும். சுடக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், சிவப்பு சட்டென்று கண்ணில் படாது. வேறுபாடு அவ்வளவுதான்.

இந்த வயதில் சன்ஸ்கிரீனை முதல் ஆயுதமாக எடுக்க வேண்டாம். நிழலும் துணியும்தான் முதலில். நிழலே கிடைக்காத இக்கட்டில், கன்னம், புறங்கை போன்ற சிறு இடங்களில் மட்டும் கொஞ்சமாகப் பூசலாம் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். உடம்பெல்லாம் பூசுவது வேண்டாம்.

இனி காலை வெயில் விவகாரம். பிறந்த குழந்தைக்கு எண்ணெய் தடவி, காலை வெயிலில் கொஞ்ச நேரம் காட்டுவது நம் வீடுகளில் நடப்பது. மகளுக்கோ மருமகளுக்கோ பிரசவம் பார்க்க ஊரிலிருந்து வரும் பெரியவர்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுத் தாழ்வாரத்தில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்காருவதை இங்கேயும் பார்க்கலாம். அந்தப் பாசத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் மூன்று செய்திகளைப் பக்குவமாகச் சொல்லிவிட வேண்டும்.

ஒன்று, மஞ்சள் காமாலைக்கு வெயில் மருந்து அல்ல. பிறந்த குழந்தைக்குக் காமாலை இருந்தால் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்கில்) இரத்தம் எடுத்து அளவு பார்ப்பார்கள். கூடினால் மருத்துவமனையில் தனி ஒளி விளக்கின் கீழ் வைப்பார்கள். "வெயில்ல காட்டினா சரியாப் போயிடும்" என்று மறுபரிசோதனைக்குப் போகாமல் இருப்பதுதான் ஆபத்து. இரண்டு, வைட்டமின் டி. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு நாளொன்றுக்கு 400 ஐயு (சர்வதேச அலகு) சொட்டு மருந்தாகக் கொடுப்பது வழக்கமான அளவு. மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதற்காகக் குழந்தையை வெயிலில் வாட்ட வேண்டியதில்லை. மூன்று, தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ வெயிலைத் தடுக்காது. மசாஜுக்கு நல்லது, சன்ஸ்கிரீனுக்கு மாற்று அல்ல.

இதை எப்படிச் சொல்வது என்பது தனிக் கலை. நேராக "கூடாது" என்றால் வீட்டில் வேறு புயல் கிளம்பும். "அத்தை, குழந்தையை நிழல்லயே வெச்சுக்கச் சொன்னாங்க டாக்டர். நீங்க இப்படித் தூணோரமா உக்காருங்க, காத்தும் வரும்" என்று நாற்காலியை நகர்த்திப் போட்டுவிட்டால் போதும். டாக்டர் பெயரைச் சொன்னால் பல மாமியார்கள் ஒத்துக்கொள்வார்கள். பாட்டியும் பேரனும் தாழ்வாரத்தில்தான் இருக்கிறார்கள், வெயில் மட்டும் நாலடி தள்ளி விழுகிறது. யாருக்கும் மனவருத்தம் இல்லை.

தள்ளுவண்டி பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். வெயில் படுகிறதே என்று தாவணியையோ துவாலையையோ வண்டியின் மேல் முழுசாகப் போர்த்திக்கொண்டு போகிறவர்கள் அதிகம். செய்யவே கூடாது. காற்று அடைபட்டு உள்ளே மளமளவென்று சூடேறும். குழந்தையின் முகமும் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. வண்டியின் சொந்தக் கூரையை முழுக்க இழுத்துவிடுங்கள், குடையை வண்டியில் மாட்டும் கொக்கி கிடைக்கிறது, அதை வாங்குங்கள், பக்கவாட்டைத் திறந்தே வையுங்கள். அடிக்கடி குனிந்து குழந்தையின் பிடரியைத் தொட்டுப் பாருங்கள். சுடச்சுட, ஈரமாக இருந்தால் ஏதாவது குளிர்சாதனக் கடைக்குள் நுழைந்துவிடுங்கள். நுழைய ஒரு கடை எப்போதும் பக்கத்தில் இருப்பது இந்த ஊரின் வசதி.

மார்போடு சேர்த்துக் கட்டும் பையில் தூக்கிப் போகிறீர்கள் என்றால் தொங்குகிற பாதங்களையும் கெண்டைக்காலையும் கவனியுங்கள். உடம்பெல்லாம் உங்கள் நிழலில் இருக்க, அந்தப் பிஞ்சுக் கால்கள் மட்டும் வழியெல்லாம் வெயிலில் ஆடிக்கொண்டு வரும்.

ஆறு மாதத்துக்கு முன் தண்ணீர் கொடுக்க வேண்டாம். பாலை அடிக்கடி கொடுத்தாலே போதும். ஆறு மாதம் கடந்தபின் வெளியே போகும்போது சின்னப் புட்டியில் தண்ணீர் வைத்திருங்கள்.

உடையும் தொப்பியும்

ஆறு மாதத்துக்கு மேலும் துணிதான் நம்பகமான காவல். அழியாது, வியர்வையில் கரையாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நினைவுபடுத்தவும் வேண்டாம். முழுக்கை, முழுக்கால், தளர்வான மெல்லிய பருத்தி. துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள். அந்தப் பக்கம் தெளிவாகத் தெரிந்தால் கதிரும் அப்படியே நுழையும். பருத்திச் சட்டை நனைந்தால் காவல் குறைந்துவிடும். அதனால் தண்ணீரில் விளையாட யுபிஎஃப் 50 என்று போட்ட நீச்சல் சட்டையை வாங்குங்கள். 50 பங்கில் ஒரு பங்குக் கதிர் மட்டுமே உள்ளே போகும் என்பது அந்த எண்ணின் பொருள். டெக்கத்லான் கடைகளில் கைக்குழந்தை அளவிலிருந்து கிடைக்கிறது.

தொப்பி சுற்றிலும் விளிம்பு உள்ளதாக, பிடரியை மறைக்கும் மடிப்போடு இருக்கட்டும். கிரிக்கெட் தொப்பி முன்நெற்றியைத்தான் காக்கும். காதும் கழுத்தும் வெந்துபோகும். பிள்ளை தொப்பியைக் கழற்றி எறியும், நிச்சயம் எறியும். வீட்டுக்குள்ளேயே விளையாட்டாகப் போட்டுப் பழக்குங்கள், நீங்களும் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். தாடைப் பட்டை கட்டும் தொப்பி என்றால் இழுத்தால் தானாக விடுபடும் வகையாகப் பாருங்கள்.

நம் பிள்ளைகளுக்கு வருகிற ஓர் ஆபத்து இருக்கிறது: மொட்டை. முதல் ஆண்டு முடிவதற்குள் முடி இறக்கிக் காது குத்துகிற வீடுகளில், அதுவரை வெயிலையே பார்க்காத உச்சந்தலை திடீரென்று திறந்துவிடப்படுகிறது. சந்தனம் பூசினால் குளிர்ச்சியாக இருக்கும், உண்மை. ஆனால் அது கதிரைத் தடுக்கும் பூச்சு அல்ல. காய்ந்து உதிர்ந்தபின் குளிர்ச்சியும் இல்லை. மொட்டை போட்ட நாளிலிருந்து முடி ஓரளவு வளரும் வரை தொப்பி இல்லாமல் வெளியே விடாதீர்கள். தொப்பியின் உள்பக்கத் துணி மென்மையாக இருக்கட்டும். சவரக்கத்தி பட்ட கீறல் இருந்தால் அது ஆறும் வரை தலையில் சன்ஸ்கிரீனும் வேண்டாம்.

சன்ஸ்கிரீன் வாங்குவதும் பூசுவதும்

கார்டியன், வாட்சன்ஸ், ஃபேர்பிரைஸ் எங்கு போனாலும் ஒரு முழு அடுக்கு நிற்கும். குழம்ப வேண்டாம். எஸ்பிஎஃப் (சுடும் கதிரை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் எண்) 30க்கு மேல் இருக்கட்டும், 50 என்றால் இங்கே நல்லது. "பிராட் ஸ்பெக்ட்ரம்" என்றோ பிஏ என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் மூன்று நான்கு கூட்டல் குறிகளோ இருந்தால் அது யுவிஏ என்ற வகைப் புற ஊதாக் கதிரையும் தடுக்கும். தண்ணீரில் கரையாத வகையாக இருக்க வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டையாக்சைடு என்ற தாதுப் பூச்சுகள் உறுத்தல் குறைந்தவை. மாநிறத் தோலில் சாம்பல் பூசியது போல வெள்ளையாகத் தெரியும், அவ்வளவுதான். வெள்ளையாகத் தெரிவதால் விட்டுப்போன இடம் எது என்று கண்டுபிடிப்பதும் சுலபம். எஸ்பிஎஃப் 100 என்று விலை கூட்டி விற்பதற்கு மயங்காதீர்கள். 30 ஏறக்குறைய 97 விழுக்காட்டைத் தடுக்கும், 50 ஏறக்குறைய 98. அதற்கு மேல் கூடுவது கொசுறு. ஸ்பிரே வகை சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம், மூச்சில் போகும்.

புது டியூப்பை முதல்நாள் முன்கையின் உள்பக்கத்தில் கொஞ்சம் தடவி மறுநாள் வரை பாருங்கள். தடிப்பு இல்லை என்றால் பயன்படுத்தலாம். தோல் வறட்சியும் அரிப்பும் உள்ள பிள்ளை என்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பலர் தவறுவது அளவில். இரண்டு வயதுப் பிள்ளைக்கு உடம்பு முழுக்கப் பூச ஏறக்குறைய இரண்டு தேக்கரண்டி வேண்டும். முழுக்கைச் சட்டை போட்டிருந்தால் அதில் பாதிக்கும் குறைவாகப் போதும். 50 மில்லி டியூப் ஒன்று ஓராண்டு வருகிறது என்றால் அந்த வீட்டில் பூசவில்லை, தொட்டு வைக்கிறார்கள் என்று பொருள். வெளியே கிளம்ப 20 நிமிடம் முன்பு, பிள்ளை இன்னும் உடை மாற்றாமல் இருக்கும்போதே பூசிவிடுங்கள். லிப்டில் நின்று அவசரமாகத் தடவினால் காது மடலும் பிடரியும் பாதத்தின் மேற்பக்கமும் முழங்காலின் பின்புறமும் தப்பிவிடும். இரட்டைச் சடை போட்ட பெண்பிள்ளைக்கு வகிடு இன்னோர் இடம். கண்ணுக்குக் கிட்டே வேண்டாம். விரல் சூப்பும் பிள்ளைக்கு உள்ளங்கையில் வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி. நீச்சலுக்குப் பின், துவாலையால் துடைத்தபின் உடனே மறுபடி.

இங்கே கொசுவும் உண்டு, டெங்கியும் உண்டு. இரண்டையும் பூச வேண்டி வந்தால் முதலில் சன்ஸ்கிரீன், அது காய்ந்தபின் கொசு மருந்து. இரண்டும் கலந்து ஒரே டியூப்பில் வருவதை வாங்காதீர்கள். சன்ஸ்கிரீன் அடிக்கடி பூச வேண்டியது, கொசு மருந்து அப்படி அல்ல. டீட் (DEET) என்ற கொசுவிரட்டி வேதிப்பொருள் கலந்த மருந்து இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் கூடாது. தள்ளுவண்டிக்குக் கொசுவலை போடுங்கள். எலுமிச்சை யூக்கலிப்டஸ் எண்ணெய் இயற்கையானதுதானே என்று மூன்று வயதுக்கு முன் பூச வேண்டாம்.

பிள்ளை பாலர் பள்ளிக்குப் போகிறதா? வெளி விளையாட்டு எத்தனை மணிக்கு என்று ஆசிரியரிடம் கேளுங்கள். காலையிலேயே வீட்டில் பூசி அனுப்புங்கள்; பெயர் எழுதிய டியூப் ஒன்றும் தொப்பி ஒன்றும் பையில் இருக்கட்டும். வீட்டுப் பணிப்பெண் பிள்ளையைக் கீழே அழைத்துப் போவார் என்றால் அவரிடமும் எல்லாவற்றையும் ஒருமுறை செய்து காட்டுங்கள். அவர் ஊரின் கடிகாரமும் வேறுதான்.

எங்கே போவது, எங்கே உட்காருவது

ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் இடம் பிடிக்கும்போது தென்னை மரத்தடியை விட்டு, குடை விரித்தது போல் படர்ந்திருக்கிற தூங்குமூஞ்சி மரத்தடியைத் தேடுங்கள். தென்னை நிழல் ஓட்டை நிழல், அதுவும் நகர்ந்துகொண்டே போகும். மர நிழலில் இருந்தாலும் மணலும் தண்ணீரும் கதிரை எதிரொளிக்கும். காய்ந்த மணல் 15 விழுக்காடு வரை, அலைநுரை 25 விழுக்காடு வரை. தண்ணீருக்குள் இருந்தால் தப்பித்தோம் என்பதும் இல்லை. அரை மீட்டர் ஆழத்திலும் மேற்பரப்பில் இருப்பதில் 40 விழுக்காட்டுக் கதிர் இருக்கிறது. குளிர்ச்சியில் பிள்ளைக்குச் சுடுவதும் தெரியாது, நமக்கு நேரம் போவதும் தெரியாது. செந்தோசா கடற்கரையோ சாங்கி கடற்கரையோ, மாலை ஐந்துக்கு மேல் போங்கள்.

புளோக்குக்குக் கீழே உள்ள விளையாட்டுத் திடலில் சறுக்குமரத்தையும் ரப்பர் தரையையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தபின் பிள்ளையை விடுங்கள். மதியம் முழுக்க வெயில் குடித்த பிளாஸ்டிக் ஐந்து மணிக்கும் தொடையைச் சுடும். காரின் குழந்தை இருக்கையில் இருக்கும் உலோகக் கொக்கியும் அப்படித்தான். நிறுத்திய காரில் பிள்ளையை ஒரு நிமிடம்கூடத் தனியே விடக்கூடாது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

நடுப்பகலில் பிள்ளை வீட்டில் இருக்காமல் படுத்தினால் நூலகம் இருக்கிறது. பேட்டை நூலகங்களில் சிறுவர் பகுதி உண்டு, தமிழ்ப் புத்தகங்களும் உண்டு, குளிர்சாதனம் இலவசம்.

தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை பால்குடத்தோடு பிள்ளையையும் கூட்டிப் போக நினைத்தால், ஊர்வலம் முதல்நாள் இரவே தொடங்கிவிடும் என்பதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். விடியற்காலையில் நடந்து முடித்துவிடலாம். வெறுங்காலோடு வரும் சின்னப் பிள்ளைக்குப் பகல் நேரத் தார்ச்சாலை கொதிக்கும். நேர்த்திக்கடன் உங்களுடையது, பிள்ளைக்குச் செருப்பைப் போட்டு விடுங்கள்.

சுட்டுவிட்டால்

வெயிலில் சுட்டது அங்கேயே தெரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் தோல் பேசும். முழு வேதனை மறுநாள்வரை ஏறும். காலை பத்து மணிக்கு நீச்சல் குளத்தில் குதூகலமாக இருந்த பிள்ளை இரவில் காரணமில்லாமல் சிணுங்கினால் சட்டையைக் கழற்றிப் பாருங்கள். நம் நிறத்தில் சிவப்பைத் தேடினால் ஏமாறலாம். கையால் தடவுங்கள். மூடியிருந்த இடத்தைவிட வெயில் பட்ட இடம் சூடாக, இறுக்கமாக, தொட்டால் சுளிக்கும்படி இருந்தால் அதுதான். வேர்க்குரு வேறு, அது பொடிப்பொடியாக, கழுத்து மடிப்பிலும் முதுகிலும், துணி மூடிய இடத்திலும் வரும். வெயில் சுட்டதற்குச் சட்டை ஓரத்தில் எல்லைக்கோடு தெரியும்.

முதலில் நிழலுக்கோ வீட்டுக்குள்ளோ கொண்டுவாருங்கள். குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியை 10, 15 நிமிடம் போட்டு எடுங்கள். தேவைப்பட்டால் திரும்பச் செய்யலாம். ஐஸ் வேண்டாம். கைக்குழந்தையை நீண்ட நேரம் குளிர்ந்த தண்ணீரில் வைத்திருக்கவும் வேண்டாம், நடுங்கிப் போகும். பின்பு வாசனையில்லாத ஈரப்பூச்சு. பற்பசை, வெண்ணெய், தேங்காய் எண்ணெய், மஞ்சள் எதுவும் வேண்டாம். எண்ணெய் சூட்டை உள்ளேயே பிடித்துவைக்கும். மஞ்சள் பூசினால் புண்ணின் நிறத்தை மருத்துவராலும் பார்க்க முடியாது. கொப்புளம் வந்தால் உடைக்காதீர்கள். பால், தண்ணீர் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கொடுங்கள்.

வலிக்குப் பாராசிட்டமால், பிள்ளையின் எடைக்கேற்ற அளவில். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு மருத்துவரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம். ஆஸ்பிரின் எந்தப் பிள்ளைக்கும் கூடாது.

ஒரு வயதுக்குள்ளான குழந்தைக்கு வெயில் சுட்டால் எவ்வளவு லேசாக இருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கும் கொப்புளம், காய்ச்சல், வாந்தி, முகம் வீங்குதல், கண் கூசுதல் இருந்தால் அன்றே போக வேண்டும். ஆறு, எட்டு மணி நேரமாக டயப்பர் நனையவில்லை, வாய் உலர்ந்திருக்கிறது, அழுதால் கண்ணீர் வரவில்லை என்றால் உடம்பில் நீர் வற்றுகிறது, காத்திருக்காதீர்கள். சாதாரண நேரத்தில் பலதுறை மருந்தகம் அல்லது பக்கத்து கிளினிக் போதும். இரவில் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் சிறுவர் அவசரப் பிரிவு உண்டு. பிள்ளை துவண்டு கிடக்கிறது, எழுப்பினால் சரியாக விழிக்கவில்லை, வலிப்பு வருகிறது, உடம்பு அனலாகக் கொதிக்கிறது என்றால் டாக்சிக்குக் காத்திருக்காமல் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழைத்துவிட்டு, துணியைத் தளர்த்தி, உடம்பை ஈரத்துணியால் துடைத்து விசிறிக்கொண்டே இருங்கள்.

சில நாளில் தோல் உரியத் தொடங்கும். பிய்த்து எடுக்காதீர்கள், தானாக விழட்டும். அடியில் வரும் புதுத் தோல் முன்பைவிட எளிதில் சுடும். அதனால் முழுக்க ஆறும் வரை நீச்சல் வகுப்புக்கு விடுப்புச் சொல்லிவிடுங்கள். பாலர் பள்ளி ஆசிரியரிடமும் வெளி விளையாட்டு நேரத்தில் பிள்ளையை உள்ளேயே வைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிடுங்கள்.